அடியாருக்கு ஊர் உண்டு

அருங்காட்சியகத்துக்குப் போகத் திட்டமிடுகிற சைவர், எந்த நாள் விடுமுறை, படம் எடுக்க விடுவார்களா என்றெல்லாம் முன்கூட்டியே விசாரித்துவிடுகிறார். எழும்பூர் என்றால் வெள்ளிக்கிழமை போகக்கூடாது. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம் என்றால் நுழைவுக் கட்டணமே கிடையாது. அவர் விசாரிக்காமல் விடுவது ஒன்றுதான். அங்கே நிற்கும் திருமேனியின் முன் கைகூப்புவதா, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்க அட்டையைப் படிப்பதா? இறைவன் எங்கும் இருக்கிறான், எங்கே கும்பிட்டால் என்ன என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் வீரசோழபுரத்துச் சுந்தரர் திருமேனி விஷயத்தில் அந்தப் பதில் போதாது என்பது என் கட்சி.

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி பாயும் கள்ளக்குறிச்சி வட்டத்தில் இருக்கிறது வீரசோழபுரம். அவ்வூர்ச் சிவன் கோயிலில் இருந்த சுந்தரரும் அவர் மனைவி பரவை நாச்சியாரும் 16-ஆம் நூற்றாண்டு விஜயநகரக் காலத்து வார்ப்பு. 1956-இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படத்தில் பதிவானபோது இருவரும் அந்தக் கோயிலிலேயே இருந்தார்கள். பிறகு கடல் கடந்து, 1987-இல் ஆர்தர் சாக்லர் அளித்த 987 பொருட்களில் ஒன்றாக வாஷிங்டன் சேர்ந்தார்கள். 2026 ஜனவரியில் அந்த அருங்காட்சியகம் மூன்று திருமேனிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தது. அவற்றில் திருத்துறைப்பூண்டி வட்டத்துக் கோயிலின் நடராஜர், இந்தியாவுக்கு உரியவர் என்ற ஒப்புதலோடு நீண்டகாலக் கடனாக அங்கேயே இருப்பார். மன்னார்குடி வட்டம் ஆலத்தூர்ச் சோமாஸ்கந்தரும் பரவையோடு நம் சுந்தரரும் திரும்ப வேண்டியவர்கள். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் சைவ சித்தாந்தம் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நடராஜர் அங்கே, சுந்தரர் இங்கே என்று பிரிந்ததில் ஒரு நியாயம் தற்செயலாக அமைந்துவிட்டது.

சிவனைப் பொறுத்தவரை சைவம் தெளிவாகவே பேசுகிறது. உருவமில்லாதவன் நமக்காக உருவம் கொள்கிறான். திருமேனி அவன் இறங்கிவரும் இடமே தவிர அவனுக்கு எல்லை அல்ல. பூசை நின்றுபோன திருமேனியை உரிய சடங்குகள் செய்து மீண்டும் வழிபாட்டுக்குக் கொண்டுவர ஆகமத்தில் வழி உண்டு. ஆபத்துக் காலத்தில் திருமேனிகளை மண்ணுக்குள் புதைத்து வைத்ததும் நம்மவர்களே. எழும்பூர்ச் செப்புத் திருமேனிகளில் பல அப்படிப் புதையலாகக் கிடைத்தவைதான். ஆக, வழிபாடு இடையில் அறுபடுவதைச் சைவம் அறியும். வாஷிங்டன் நடராஜர் முன் ஒருவர் கைகூப்பினால் அதில் பிழையில்லை. உடைமையைப் பற்றிய வழக்கு வேறு.

சுந்தரர் கதை அப்படியல்ல. அவர் கடவுள் அல்லர். மனிதர், அடியார், தம்பிரான் தோழர். பிறந்த திருநாவலூர் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில்தான் இருக்கிறது. திருவாரூரில் பரவையை மணந்தவர்; அவள் ஊடலைத் தீர்க்க நள்ளிரவில் சிவனையே தூது நடக்க வைத்தவர். அவருடைய வாழ்க்கையிலிருந்து சிவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகான இளைஞனும் அவன் மனைவியும்தான். அருங்காட்சியகத்தின் விளக்க அட்டை எவ்வளவு நேர்மையாக எழுதப்பட்டாலும் அந்த உறவை மீட்டுத் தராது, ஏனென்றால் அது சொல்லில் இருப்பதல்ல. கோயிலில் சுந்தரருக்கு முன்னே மூலவர் இருக்கிறார், பக்கத்தில் மற்ற அடியார்கள் இருக்கிறார்கள், திருவிழாவில் சுவாமி முன்னே போக அவர் பின்னே போகிறார். உற்சவத் திருமேனிகளின் பீடத்தைக் குனிந்து பாருங்கள். தண்டு நுழைக்கத் துளைகளோ கயிறு கட்ட வளையங்களோ இருக்கும். தூக்கிக்கொண்டு தெருவில் போவதற்கென்றே வார்த்தவை அவை. சிவன் எங்கும் இருக்கலாம். அடியார் தம் ஆண்டவன் இருக்கும் ஊரில்தான் அடியார்.

ஊர்க்காரர்கள் காக்கத் தவறிய ஒன்றை அருங்காட்சியகம் காத்து, ஆயிரக்கணக்கானோர் பார்க்க வைத்ததே, அது பெரிதில்லையா என்று கேட்பார்கள். பெரிதுதான், நன்றி சொல்லலாம். ஆனால் பூட்டாத வீட்டில் திருட்டுப் போனால் பொருள் திருடனிடம் வாங்கியவனுக்குச் சொந்தமாகிவிடாது. பத்தூர் நடராஜர் வழக்கில் இடிந்து கிடந்த ஒரு தமிழ்க் கிராமத்துக் கோயிலை வழக்காடும் தகுதியுள்ள தரப்பாக லண்டன் நீதிமன்றம் ஏற்றது. 1991-இல் நடராஜர் திரும்பினார். சுந்தரர் விஷயத்திலோ ஆவணமே முன்பு ஒருமுறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர் அவையில் கிழவேதியராக வந்த சிவன் ஆளோலை காட்டியே அவரை அடிமை கொண்டான். சுந்தரர் கிழித்தது படியோலையை, மூலவோலை பத்திரமாக இருந்தது, பாட்டனாரின் கையெழுத்தை ஒப்புநோக்கி அவையோர் தீர்ப்புச் சொன்னார்கள் என்கிறது பெரியபுராணம். இப்போது அந்த மூலவோலையின் வேலையை 1956-ஆம் ஆண்டுப் புகைப்படம் செய்திருக்கிறது. எந்த ஊரின் ஆள் என்ற கேள்விக்கு அதிலே பதில் இருந்தது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. மீண்டு வரும் திருமேனிகள் பலவும் சொந்தக் கோயிலுக்குப் போவதில்லை. திருவாரூர் போன்ற ஊர்களில் உள்ள பாதுகாப்பு மையங்களில் அடைபடுகின்றன. வாஷிங்டனில் பார்க்கவாவது முடிந்தது, இந்த மையங்களில் அதுவும் முடியாது. இந்த மறுப்பை என்னால் தள்ள முடியவில்லை. என் வாதம் உறவைப் பற்றியது என்றால், பூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் சுந்தரர் இன்னும் ஊர் திரும்பவில்லை என்றே கொள்ள வேண்டும். கடல் கடந்ததோடு கணக்கு முடியாது. பாதுகாப்பு இல்லையே என்பது காரணம் ஆகலாம், வீரசோழபுரத்தைப் பொறுத்தவரை அது எடுபடாது. அவ்வூர் அர்த்தநாரீசுவரர் கோயில் நிலத்தில்தான் புதிய மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தைக் கட்ட அரசு முடிவு செய்தது; விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மாவட்டத்தின் நிர்வாகத்துக்கே அங்கே இடம் பார்த்தவர்களுக்கு, இரண்டு திருமேனிகளுக்கு ஒரு கம்பிக் கதவும் எச்சரிக்கை மணியும் இரவுக் காவலரும் ஏற்பாடு செய்வது எட்டாத காரியமல்ல.