பல்லைக் கடித்துப் பொறுப்பது யார்?

துன்பத்தை வாய் திறவாமல் தாங்குவதைப் 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல்' என்கிறோம். பெரியவர்களுக்கு நாம் தரும் அறிவுரை அது. ஆனால், ஒரு குழந்தை உறக்கத்தில் உண்மையாகவே பல்லைக் கடிக்கும்போது, அது எதைப் பொறுக்கிறது என்று கேட்கிறோமா? 'வயிற்றில் பூச்சி' என்று முடிவு கட்டுவதே நம் வழக்கம். காரணம் வேறாகவும் இருக்கலாம். சில வேளைகளில் நாம் கொடுக்கும் மருந்தே காரணமாகலாம்.

ஓரிடத்தில் அமர இயலாமை, கவனச் சிதறல், எண்ணுமுன் செயலில் பாய்தல் ஆகியவை அளவு மீறிக் கல்வியையும் உறவையும் குலைக்கும் நிலையை மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்கின்றனர். அது வளர்ப்பின் பிழையன்று. பிள்ளையின் பிடிவாதமும் அன்று. அதற்குத் தரப்படும் மருந்துகளுள் முதன்மையானது மெதில்பெனிடேட். 1944 இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலார் லியாண்ட்ரோ பனிசோன் அதை உருவாக்கினார். அவருடைய மனைவி ரீட்டாவின் பெயரால் அது 'ரிட்டாலின்' ஆயிற்று. பல பிள்ளைகளுக்கு அது கல்வியின் கதவைத் திறந்திருக்கிறது. எனினும், பசியின்மை, தூக்கக் குறைவு ஆகியவற்றோடு, சிலருக்குத் தாடை இறுகிப் பற்களை நறநறவெனக் கடிப்பதும் அதன் பக்கவிளைவு. காலையில் தாடை வலிக்கும், தலை கனக்கும். நிலைப்பற்களில் ஒருமுறை தேய்ந்த பற்சிப்பி மீண்டும் வளராது.

நன்மையை நாடிச் செய்யும் செயலில் தீமையும் உடன்வருமானால், அச்செயல் தகுமா? 13 ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதுகையில் இக்கேள்வியைத் தொட்டார். பின்வந்த அறநெறி இறையியலார் அதை 'இரட்டை விளைவு நெறி' என வகுத்தனர். தீமையை நாடக் கூடாது. அதை நன்மைக்கு வழியாகக் கொள்ளவும் கூடாது. உடன்வரும் தீமைக்கு ஈடான தக்க காரணம் வேண்டும். இந்நெறிப்படி மருந்து தருவது குற்றமன்று. ஆயினும், தராசில் வைக்கப்படுவது யாருடைய நன்மை? பிள்ளை படிப்பதும், தோழரோடு இணங்கி விளையாடுவதும் அதன் நன்மை. வகுப்பறையின் அமைதியோ ஆசிரியரின் நன்மை. வீட்டின் அமைதி பெற்றோரின் நன்மை. இவற்றையே நன்மைத் தட்டில் குவித்துவிட்டு, தேயும் பற்களை மட்டும் பிள்ளையின் கணக்கில் எழுதினால், அது கள்ளத் தராசு.

எடை போட வேண்டுமானால் முதலில் காதில் விழ வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலைகள் இரவிலும் இயங்குகின்றன. இரவுப் பணிக்குச் சென்ற தந்தை அந்த நறநறப்பைக் கேட்பதில்லை; பகலெல்லாம் உழைத்து அயர்ந்த தாயும் கேட்பதில்லை. அருகில் படுத்திருக்கும் பாட்டிக்குக் கேட்கும். ஆனால், மருத்துவரிடம் போகும்போது பாட்டியை யார் கேட்கிறார்கள்? திருவள்ளூரில் 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது. எனினும், ஒரே மாவட்டத்து ஊர்களாயினும் இரண்டும் வெவ்வேறு இரயில் பாதைகளில் உள்ளன. இரயிலில் செல்வோர் சென்னையைச் சுற்றியே செல்ல வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். மறுபரிசோதனை தள்ளிப்போக, பழைய அளவே தொடர்கிறது. இதை அக்குடும்பத்தின் அலட்சியம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

அஞ்சி மருந்தை நாமாகவே நிறுத்துவதும் அறமன்று. மருந்தே உண்ணாத ஏ.டி.எச்.டி. பிள்ளைகளிடமும் பற்கடிப்பு காணப்படுவதால், காரணத்தைப் பிரித்தறிய மருத்துவர் வேண்டும். அவர் அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். பல் மருத்துவர் பற்காப்பு உறை பொருத்தலாம். நாம் செய்யத்தக்கவையும் உண்டு. எத்தனை இரவுகள் கடிக்கிறது எனப் பாட்டி சொல்வதைக் குறித்துக்கொள்வோம். மருத்துவமனைக்குச் செல்லும் தாய்க்கு நம் அன்பியத்திலிருந்து ஒருவர் துணை போவோம். அன்று இழக்கும் கூலியில் பங்கு ஏற்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, 'வலிக்கிறதா?' என்று அந்தப் பிள்ளையிடமே கேட்போம். வகுப்பில் அமைதியாக இருக்கிறான் என்று நாம் மகிழும் பிள்ளைக்கு, அந்த ஒரு கேள்வியையாவது நாம் கடன்பட்டிருக்கிறோம்.