'பிஃபோர்' என்று காட்டப்படும் முகம்

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் வந்துவிட்டால் இன்ஸ்டாகிராம் முழுக்க மணப்பெண்களின் இரட்டைப் படங்கள்தாம். இடப்பக்கம் 'பிஃபோர்', வலப்பக்கம் 'ஆஃப்டர்'. ஒரு சாரார் மேக்கப் கலைஞரின் கைவண்ணத்தைப் புகழ்வார்கள். மற்றவர்கள் அந்தப் பெண்ணைக் குதறுவார்கள். "மாப்பிள்ளை பாவம்பா", "முகம் கழுவினா கேஸ் போடுவான்" என்றெல்லாம் வரும் கமெண்டுகளைத் தாலியேறிய ஈரம் காயாத அந்தப் பெண்ணும் படிக்கிறாள், அவள் மாமியார் வீட்டாரும் படிக்கிறார்கள்.

ஒருத்தியின் சொந்த முகத்தைக் குறையாகக் காட்டித் தன் தொழிலை உயர்த்திக்கொள்வது அறமன்று. இதில் தயங்குவதற்கு எதுவுமில்லை.

முதல் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்த்தாலே போதும். விடியற்காலை மூன்று மணி, மண்டபத்து மணமகள் அறை. முந்தைய நாள் வரவேற்பில் நின்ற களைப்பு, தூக்கமில்லாத கண்கள், எண்ணெய் வழியும் நெற்றி. தலைக்கு நேர்மேலே டியூப்லைட். அதன் வெளிச்சம் கண்ணுக்குக் கீழே குழிநிழலை விழச்செய்கிறது. போனை முகத்துக்கு நெருக்கிப் பிடிப்பதால் மூக்கு அகன்று தெரிகிறது. சிரிக்க யாரும் சொல்வதில்லை. இரண்டாவது படத்துக்கோ ரிங் லைட் வருகிறது, போர்ட்ரெய்ட் மோடு வருகிறது, முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் புன்னகைக்கச் சொல்கிறார்கள். பிறகு வெளிச்சத்தைக் கூட்டி ஒரு ஃபில்டரும் போடுகிறார்கள். கண்ணுக்கடியில் ஆரஞ்சு கரெக்டர் வைத்துக் கருவளையத்தை மறைத்தது கலைஞரின் திறமை, சந்தேகமில்லை. ஆனால் படத்தில் தெரியும் மாற்றத்தில் அவர் கை செய்தது எவ்வளவு, விளக்கு செய்தது எவ்வளவு என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்கள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படமெடுக்கும்போது ஒரே வெளிச்சம், ஒரே தூரம், ஒரே முகபாவம் என்பதை விதியாக வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மை இங்கே இல்லை.

யாருக்கும் சிறிதும் தீங்கு தராததைச் சொல்வதே வாய்மை என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தின் முதற்குறளிலேயே வரையறுத்துவிட்டார். இந்த இரட்டைப் படம் அந்த அளவுகோலில் இருமுறை தோற்கிறது: உள்ளதைச் சொல்லவில்லை, தீங்கும் செய்கிறது. நடுவுநிலைமை அதிகாரத்தை அவர் முடிப்பதே வணிகருக்கான அறத்தோடுதான். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேணுவதே நல்ல வாணிகம் என்கிறார். பொருளுக்கே அப்படியென்றால் முகத்துக்கு? தூங்காத கண்ணும் கலைந்த தலையுமாக இருக்கும் தன் முகத்தை எந்தக் கலைஞராவது விளம்பரத்துக்குப் போடுவாரா? தனக்குத் துன்பம் தருவது எது என்று உணர்ந்தவன் அதைப் பிறருக்கு ஏன் செய்கிறான் என்று இன்னா செய்யாமையில் வள்ளுவர் கேட்பதும் இதையேதான்.

நம் முன்னோர் ஒப்பனைக்குப் பகைவர் அல்லர். மாதவி நீராடிய நீரில் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறியதைக் கடலாடு காதையில் இளங்கோவடிகள் ஆசையோடு அடுக்குகிறார். ஒப்பனைக்கு முன் மாதவி அழகற்றிருந்தாள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தலைமுடியின் அழகும் மஞ்சளின் அழகும் அழகல்ல, கல்வியே அழகு என்று நாலடியார் இன்னும் ஒரு படி மேலே போய்விடுகிறது. மானின் பார்வையும் நாணமும் உடையவளுக்கு வேறு அணிகள் எதற்கு என்று கேட்கிறான் குறளின் தலைவன். இவர்களில் ஒருவர்கூட ஒரு பெண்ணின் முகத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைத் தாழ்த்தவில்லை.

மேக்கப் கலைஞர்களில் பலர் தையல், பியூட்டிஷியன் கோர்ஸ் என்று படிப்படியாக உழைத்து மேலே வந்த பெண்கள். வேலையைக் காட்டாமல் புக்கிங் வராது என்பது உண்மைதான். காட்டட்டும், முடிந்த அலங்காரத்தைக் காட்டட்டும்.

முகத்தைக் குறையாகக் காட்டுவதைவிட நிறத்தின் விஷயம் கொடியது. முதல் படத்தில் கறுப்பு, இரண்டாவதில் சிவப்பு என்பதே பல ரீல்ஸின் சாரம். அசல் நிறத்தைவிட இரண்டு ஷேட் கூடுதலான பவுண்டேஷனைப் பூசி, கழுத்தும் முகமும் வேறுவேறாய்த் தெரிய நிற்கும் பெண்ணைத்தான் 'மாற்றம்' என்கிறார்கள். நிறவெறிக்கு எதிரான 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் 2009இல் தொடங்கியது சென்னையில்தான். நிறத்தை வெளுக்க வைக்கும் பொருட்களின் விளம்பரங்களுக்கு இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014இல் வகுத்த நெறிமுறை, பொருளைப் பயன்படுத்துவதற்கு முந்தைய படத்தில் இருப்பவரின் முகபாவம் அழகற்றதாகவோ சோர்ந்ததாகவோ தெரியக்கூடாது என்கிறது. க்ரீம் கம்பெனிக்குக் கூடாதது மண்டபத்து அறையில் மட்டும் எப்படிக் கூடும்? பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் 2021இலேயே, அழகுப் பொருளின் பலனை மிகைப்படுத்தும் ஃபில்டர்களை விளம்பரங்களில் போடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நார்வேயில் 2022 ஜூலை முதல், உடலையோ சருமத்தையோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைச் சொல்லும் முத்திரை கட்டாயம்.

"அவளே சரி என்றாளே" என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஐலைனர் காய்வதற்காகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவளிடம் "ஒரு சின்ன ரீல் எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டால், 'ம்' என்பதைத் தவிர அவள் என்ன சொல்வாள்? இன்னும் புடவை கட்டவில்லை, பூ வைக்கவில்லை, வெளியே ஐயர் அவசரப்படுத்துகிறார். அந்த வேளையில் கலைஞரின் மனம் கோணினால் நஷ்டம் அவளுக்குத்தான். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது சுதந்திரமாகவும் நிபந்தனை இல்லாமலும் விவரம் தெரிந்தும் தரப்பட வேண்டும், தந்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. ஆகவே அட்வான்ஸ் வாங்கும் நாளிலேயே இதைத் தனியாகப் பேசிவிட வேண்டும். மறுத்தாலும் கட்டணம் உயராது என்றும் சொல்லிவிட வேண்டும். கல்யாணக் களைப்பெல்லாம் தீர்ந்த பிறகு இரண்டு படங்களையும் அவளிடமே அனுப்பி, எதைப் போடலாம், எதை அழிக்கலாம் என்று அவளே சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.