தூம்புக்கல்

கரிசல் மண் கோடையில் பிளக்கும், ஐப்பசி மழையில் ஊதும். இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பொறியியல் பட்டம் உதவவில்லை. வீடு வாங்கிய இரண்டாவது மாதம், பின்கட்டுச் சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு விழுந்திருந்த விரிசல்தான் சொல்லிக்கொடுத்தது.

எம்.ரெட்டியபட்டியில் அந்த வீட்டை 2023-ல் வாங்கினேன். அருப்புக்கோட்டைப் பக்கம் அப்பாவின் ஊர். பெங்களூரில் பதினொரு வருடம் அடுத்தவர் எழுதிய பழைய நிரல்களைப் பழுதுபார்த்தே பிழைத்தவன் நான். வீட்டிலிருந்து வேலை என்று ஆனபிறகு, திண்ணையும் முற்றமும் கட்டைக்குத்து மச்சும் உள்ள ஒரு வீடு வேண்டுமென்று ஆசை வந்தது. விற்றவர்கள் ஊரைவிட்டுப் போய் இரண்டு தலைமுறை. வில்லங்கச் சான்று சுத்தம், பட்டா சுத்தம். வீடுதான் சுத்தமில்லை. மச்சு மூன்று இடத்தில் ஒழுகியது. நிலைக்கதவின் அடியைக் கரையான் தின்று, வெளியே பெயிண்டை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. முதலில் பார்க்கவந்த ஒப்பந்தக்காரர் அரைமணி நேரம் சுற்றிவிட்டு, “இடிச்சிட்டுக் கட்டுங்க சார், செலவு கம்மி” என்றார்.

நான் இடிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம், என் தொழிலில் பலரும் சொல்லும் ‘செஸ்டர்டனின் வேலி’. ஜி.கே.செஸ்டர்டன் 1929-ல் வெளிவந்த ஒரு நூலில் சொன்ன விஷயம் அது. சாலைக்குக் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. உனக்கு அதன் பயன் புரியவில்லை. அப்படியானால் அதை அகற்றும் தகுதி உனக்கு இன்னும் வரவில்லை. ஏன் வைத்தார்கள் என்று முதலில் கண்டுபிடி, பிறகு பேசலாம். யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரியை அர்த்தமில்லை என்று அழித்துவிட்டு, நள்ளிரவில் போன் வந்து எழுந்த எவனும் இதை மறுக்கமாட்டான். வீட்டையும் அப்படித்தான் பார்த்தேன்.

பிறகு வந்த கொத்தனார் அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர். விரிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, “கோளாறு மண்ணுல பாதி, சிமெண்டுல பாதி” என்றார். உள்ளே சுண்ணாம்புக் காரைச் சுவர். அது ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். மண் அசைந்தால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். மேலே யாரோ பிற்காலத்தில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். சிமெண்டு விறைப்பு, ஈரத்தையும் வெளியே விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் காரையை உதிர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. “பூச்ச உரிச்சாத்தான் சுவரு பொழைக்கும் சார்.”

சந்துப் பக்கம் சிமெண்டை உரித்தபோது அந்தக் கல் வந்தது. ஒரு முழ நீளக் கருங்கல், நடுவே வாய்க்கால் போல வெட்டி, நெஞ்சு உயரத்தில் வெளியே நீட்டியிருந்தது. பூச்சு மறைப்பதற்காகவோ என்னவோ நுனியைக் கொஞ்சம் உடைத்திருந்தார்கள். உள்பக்கம் நேர் எதிரே கிணற்றடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியில் ஊற்றினால் தண்ணீர் சுவரைத் துளைத்துப் போய்ச் சந்தில் விழும். எனக்கு ஒரே உற்சாகம். கோயில் கோமுகி மாதிரி இருக்கிறது, இதற்கு ஒரு விளக்குப் போடலாம் என்றேன். போட்டோ எடுத்து நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “அது எங்களுக்குத் தண்ணி ஊத்துற தூம்பு சார். எங்க அப்பத்தா இந்த வீட்டுக்காட்டுல களை எடுத்துட்டு வந்து இதுலதான் கையேந்திக் குடிக்குமாம். உள்ள இருந்து ஊத்துவாக.”

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபமில்லை. நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

செஸ்டர்டன் கேட்ட காரணம் கிடைத்துவிட்டது. வேலியின் காரணம் தெரிந்தபின் என்ன செய்வது என்பதில் என் தொழிலுக்குச் சந்தேகமே இல்லை: தேவையில்லாவிட்டால் அகற்று. இங்கே அந்தப் பதில் நகரவில்லை. ஏனென்றால் கல்லை அகற்றும் வேலையை, அல்லது மறைக்கும் வேலையை, எனக்கு முன்பே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். அந்தச் சிமெண்டுப் பூச்சும் ஒரு வேலிதான். அதை ஏன் வைத்தார்? வெட்கப்பட்டா, சட்டத்துக்குப் பயந்தா, வெறுமனே பல்லி வருகிறது என்றா? தெரிந்துகொள்ள வழியில்லை. தீண்டாமையை 1950-ல் அரசியல் சாசனத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்தது. 1955-ல் அதற்கான தண்டனைச் சட்டம் வந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1927 மார்ச் 20 அன்று மஹாத் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். அது தாகத்துக்காக அல்ல. ஊற்றப்படும் தண்ணீருக்கும் எடுத்துக் குடிக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கல்லின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் நடந்ததைப் படித்தபோது, அது வேறு யாரோ செய்தது என்று நினைக்க என்னால் முடிந்திருந்தது. என் தாத்தா வீட்டிலும் கிணறு இருந்தது. அவர் நின்றிருக்கக்கூடியது சுவரின் உள்பக்கம்.

பழைய கட்டடங்களைக் காப்பாற்றச் சொல்பவர்களின் மூதாதை ஜான் ரஸ்கின். காந்தியை ஒரே இரவில் மாற்றிய புத்தகத்தை எழுதியவர். அவருடைய ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ 1849-ல் வந்தது. பழைய கட்டடம் இன்று வைத்திருப்பவனுக்குச் சொந்தமில்லை, ஒரு பங்கு கட்டியவர்களுக்கும் மறுபங்கு இனி வரப்போகிறவர்களுக்கும் உரியது, ஆகவே அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை என்பது அவர் வாதம். படித்தபோது தலையாட்டியிருக்கிறேன். இப்போது ஒரு கேள்வி வருகிறது. இந்த வீட்டைக் கட்டியவர் யார்? பத்திரத்தில் பெயருள்ளவரா, சுண்ணாம்பு அரைத்துச் சுமந்துவிட்டுத் தண்ணீருக்குச் சந்தில் நின்றவரா? ரஸ்கின் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் என் கொத்தனாருக்கு இதில் பங்கு உண்டு. என் பட்டாவில் அதற்கு இடமில்லை.

அவரிடமே கேட்டேன், “என்னண்ணே செய்யலாம்?”

“உங்க வீடு சார். அடைக்கணும்னா ஒரு சட்டிக் கலவை போதும்” என்றார். கொஞ்சம் கழித்து, “கல்ல வெட்டுனதும் எங்காளுகளாத்தான் இருக்கும்” என்றார்.

பிறகு யோசித்தால், அந்தக் கேள்வியே தப்பு என்று தோன்றியது. பார்வைக்கு அது மரியாதை போலத்தான் இருந்தது. உண்மையில் நான் தூக்கவேண்டிய ஒன்றை அவர் தலையில் வைத்திருக்கிறேன். அவர் “உடைங்க” என்றால் என் கை சுத்தம். “இருக்கட்டும்” என்றால் மன்னிப்பு. கூலிக்கு வந்தவரிடம் இரண்டையும் இலவசமாகக் கேட்டிருக்கிறேன்.

முடிவை நானே எடுத்தேன். உள்பக்கத் துளையை அடைக்கச் சொன்னேன், அந்த வழியில் இனி தண்ணீர் போகவேண்டாம். வெளிப்பக்கம் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பூசி, கல்லை மட்டும் பூசாமல் விடச் சொன்னேன். விளக்கு இல்லை. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “நாலு பேரு வர்ற வீட்ல இத எதுக்குடா காட்டிக்கிட்டு?” என்றாள். மறைத்தால் சுவர் மறுபடி கெடும் என்று கட்டடக் காரணத்தைச் சொன்னேன். அது பொய்யில்லை, ஆனால் காரணம் அதுமட்டுமில்லை.

பால் காய்ச்சிய அன்று சொந்தக்காரர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கொத்தனார் அண்ணனும் வந்திருந்தார், வெள்ளை வேட்டியில். சித்தப்பா மகன் சந்தில் நின்று கேட்டான், “இது என்னண்ணே, நல்லாருக்கே?” அம்மா என்னைப் பார்த்தாள். கொத்தனார் இரண்டடி தள்ளி நின்றார்.

“பழைய தூம்பு” என்றேன். அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். கொத்தனார் சுவரில் எங்கோ ஒரு மேடுபள்ளத்தைப் பார்ப்பவர்போலத் திரும்பிக்கொண்டார்.

ஒரே ஒரு சொல். பூச்சு பூச அந்த ஒரு சட்டிக் கலவைகூடத் தேவைப்படவில்லை. எனக்கு முன்னால் சிமெண்டு பூசியவரைப் பற்றி நான் யோசித்ததெல்லாம் அந்த நொடியில் ஞாபகம் வந்தது.

வேலியின் காரணத்தைக் கண்டுபிடி என்று செஸ்டர்டன் சொன்னார். கண்டுபிடித்தவன் அதை அடுத்தவனுக்குச் சொல்லவேண்டும் என்பது அதற்கு அடுத்த கடமை. நிரலில் அதற்காகத்தான் குறிப்பு எழுதுகிறோம், சொல்ல நாம் எப்போதும் பக்கத்தில் இருக்கமாட்டோம் என்பதால். இருந்தாலும் சொல்லமாட்டோம் என்பதாலும்தான். அன்று இரவு எல்லோரும் போனபிறகு ஒரு தாளில் அந்தக் கல் என்ன என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மூலப்பத்திரத்தோடு சேர்த்து வைத்தேன். இந்த வீட்டை யார் வாங்கினாலும் அந்தத் தாளையும் வாங்கவேண்டியிருக்கும்.

சித்தப்பா மகனுக்கு இன்னும் போன் செய்யவில்லை. அவன் இதைப் படிப்பான் என்று நினைக்கிறேன்.