உலைச் சத்தம்

ஓம் சரவணபவ. 

கிருத்திகைக்கு என்ன படைக்கலாம்னு குரூப்ல ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம், தினைமாவுன்னு நிறைய பதில் வந்தது. நான் சொல்லப்போறது வெறும் வெள்ளைச் சோறு. கொஞ்சம் பருப்பு, ஒரு சொட்டு நெய். அவ்வளவுதான். ஆனா அந்தச் சோற்றை ஒழுங்கா ஆக்க எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

எங்க ஊர் திருச்செந்தூர் பக்கம். அம்மா மாசாமாசம் கிருத்திகைக்குச் சாயங்காலம் வரை பட்டினி கிடந்து, பச்சரிசிச் சோறு வடிச்சு முருகனுக்கு வெச்சுட்டுத்தான் சாப்பிடுவாங்க. தினசரிச் சமையலுக்குப் புழுங்கல் அரிசி. அது ஏற்கெனவே ஒரு தடவை வெந்த அரிசிங்கிறதால சாமிக்கு ஆகாதுன்னு எங்க வீட்டுப் பழக்கம். அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இந்தச் சித்திரையில அப்பாவை என்கூட பெங்களூருக்குக் கூட்டிட்டு வந்தேன். அம்மா விட்ட விரதத்தை நானே எடுத்துக்கிட்டேன்.

எடுத்துக்கிட்ட லட்சணத்தைக் கேளுங்க. குக்கர்ல ஒரு டம்ளர் அரிசிக்கு மூணு டம்ளர் தண்ணி ஊத்தி வெச்சுட்டு, ஆபீஸ் கால்ல போய் உட்கார்ந்துடுவேன். எத்தனை விசில்னு கணக்கே இருக்காது. கால் முடிஞ்சு ஓடிவந்து, பத்து செகண்ட்ல கற்பூரம் காட்டி முடிச்சிடுவேன். சோறு களி மாதிரி இருக்கும். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டார். ரெண்டு கவளம் சாப்பிட்டு, மோர் குடிச்சுட்டு எழுந்துடுவார். வயசாச்சு, பசி இல்லைன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ஆவணியில செக்கப்புக்குப் போனப்போ எடை நாலு கிலோ குறைஞ்சிருந்தது.

அன்னிக்கு ராத்திரி பால்கனியில அப்பா அத்தைகிட்ட போன்ல பேசுறது காதுல விழுந்தது. "பய வேலைக்கு நடுவுல ஆக்கிப் போடுதான். குறை சொல்லக் கூடாதுல்லா."

அடியார்களே, வள்ளி கதை நமக்கெல்லாம் தெரியும். முருகன் கிழவர் வேஷத்துல தினைப்புனத்துக்கு வந்து, பசிக்குதுன்னு கேட்டார். வள்ளியம்மை தேனும் தினைமாவும் கொடுத்தாள். அப்புறம் தண்ணியும் கேட்டார். சாமியே வாய்விட்டுக் கேட்ட கதை அது. எங்க வீட்டுக் கிழவர் கேட்கவே இல்லை. நான் படத்துக்கு முன்னாடி இலை போட்டுட்டு, பக்கத்துல பசியோட உட்கார்ந்திருந்தவரைப் பார்க்காம இருந்திருக்கேன். அருணகிரிநாதர் கந்தர் அலங்காரத்துல, வேலனை வாழ்த்தி, இல்லாதவங்களுக்கு நொய்யில பாதியாவது பகிர்ந்து கொடுங்கன்னு சொல்றார். நொய்யே உடைஞ்ச அரிசி, அதிலும் பாதி! நான் முழு அரிசியைத்தான் போட்டேன். மனசைத்தான் போடலை.

மறுநாள் அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். அவங்க முதல்ல கேட்டது, "அரிசி பழசா புதுசா?" எனக்கு அப்படி ஒரு கேள்வி இருக்கிறதே தெரியாது. புது அரிசி தண்ணி அதிகம் தாங்காது, சீக்கிரம் குழையும். பழைய அரிசிக்குத் தண்ணி கூட வேணும், பொலபொலன்னு வரும். நான் வாங்கினது புது பச்சரிசி. அதுக்குக் குக்கர்ல ரெண்டு டம்ளரே ஜாஸ்தி. மூணு டம்ளர் புழுங்கல் அரிசிக் கணக்கு. பிரச்சினை கோட்ல இல்லை, இன்புட்லேயே இருந்திருக்கு.

அப்புறம் வடிக்கக் கத்துக்கொடுத்தாங்க. அரிசியைக் களைஞ்சு இருபது நிமிஷம் ஊறவைக்கணும். அகலமான பானையில அரிசியைப் போல அஞ்சாறு மடங்கு தண்ணி. தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்ச பிறகுதான் அரிசி போடணும். போட்டதும் அடிபிடிக்காம ஒரு தடவை கிளறிட்டு, அதுக்கப்புறம் கரண்டியை வைக்கக்கூடாது, சோறு உடையும். தீயைக் குறைச்சு, பக்கத்துலயே நிக்கணும். ஒரு பருக்கையை எடுத்து விரலால நசுக்கினா, நடுவுல ஊசிமுனை அளவு வெள்ளை தெரியும்போதே கஞ்சியை வடிச்சிடணும். மீதியை அதோட சூடே வேகவைச்சுடும். வடிச்ச பானையைத் திரும்ப ரெண்டு நிமிஷம் சிறு தீயில வெச்சா ஈரம் போயிடும்.

ஒரு இஞ்சினியர் குறிப்பும் சேர்த்துக்கறேன். கடற்கரையில தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். பெங்களூர் 900 மீட்டர் உயரம், இங்கே சுமார் 97. கொடைக்கானல்ல 93 பக்கம்தான். பூம்பாறை குழந்தை வேலப்பரைக் கும்பிடப் போய், அங்கேயே தங்கிச் சமைக்கிறவங்க நினைவுல வெச்சுக்கங்க, வேக நேரம் கூட ஆகும். அதனால அம்மா கடிகாரம் இங்கே செல்லாது. விரல்தான் செல்லும்.

இன்னொண்ணு. நைவேத்தியத்தை ருசி பார்க்கக் கூடாது. டெஸ்டிங் இல்லாம நேரா ப்ரொடக்‌ஷன்ல விடுற மாதிரி! விரலாலயும் காதாலயும் மட்டும் பதம் கண்டுபிடிக்கணும். உலை முதல்ல சளசளன்னு சத்தம் போடும், அரிசி வேக வேக சத்தம் கனமாகும். அதைக் கேட்க போன் கையில இருக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்சு சஷ்டி கவசம் சொல்லும்போதுகூட அவ்வளவு நேரம் மனசு ஒரே இடத்துல நின்னதில்லை.

ஐப்பசிக் கிருத்திகைக்கு ஆபீஸ்ல அரை நாள் லீவு போட்டேன். அப்பா சமையலறையில நாற்காலி போட்டு உட்கார்ந்துகிட்டார். நாற்பது வருஷத்துல அவர் அடுப்பைத் தொட்டதில்லை. ஆனா அந்தச் சத்தம் அவருக்குத் தெரிஞ்சிருந்தது. "இப்ப பாருய்யா"ன்னார். நசுக்கிப் பார்த்தேன். நடுவுல வெள்ளைப்புள்ளி. வடிச்சேன். முருகனுக்கு இலை போட்டு, நிதானமா தீபம் காட்டி, அப்புறம் அப்பாவுக்கு வெச்சேன்.

ரெண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கினார். கஞ்சியில உப்புப் போட்டு ஒரு டம்ளர் குடிச்சார். கை கழுவிட்டு வந்து சொன்னார்: "உங்கம்மா இன்னும் ஒரு நிமிஷம் விட்டு வடிச்சிருப்பாய்யா."

வந்து ஆறு மாசத்துல அப்பா சொன்ன முதல் குறை அதுதான்.

வேலும் மயிலும் துணை.