நியூட்ரலில் ஒரு நொடி

காரவள்ளியில் வண்டியை ஓரங்கட்டி ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தேன். விடியற்காலை ஐந்தரை. இங்கிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மலை இன்னும் கறுப்பாகவே நிற்கிறது. இடது சீட்டில் பெரியம்மா. மடியில் அறப்பளீஸ்வரருக்கான பூக்கூடை. பெரியப்பா போன பிறகு வருடத்துக்கு ஒரு முறை அவருடைய இந்த ஜீப்பில்தான் பெரியம்மாவை அழைத்துப்போகிறேன். வீட்டில் நல்ல கார் நிற்கிறது. மலைக்கு என்றால் பெரியம்மா அதில் ஏற மாட்டார். எனக்கும் மனம் வருவதில்லை.

*

மூன்றே கியர் உள்ள வண்டி. பற்கள் கோப்பதற்கு முன் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் சிங்க்ரோமெஷ் இரண்டுக்கும் மூன்றுக்கும் உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. பழைய அம்பாசிடரிலும் பியட்டிலும்கூட முதல் கியர் இப்படித்தான் இருந்தது. அந்தக் காலத்து டிரைவர்கள் வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியருக்குப் போனது அதனால்தான். சமவெளியில் அது போதும். மலையில், வளைவின் உள்பக்கம் சுவர் மாதிரி எழும்பும் இடத்தில், இரண்டாவது கியரில் என்ஜின் முக்கத் தொடங்கும். அங்கே நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. ஓட்டத்திலேயே முதலுக்கு இறங்க வேண்டும். அதற்கு டபுள் கிளட்ச்.

சொல்லில் வைத்தால் இவ்வளவுதான். கிளட்சை மிதித்து கியர் ராடை நியூட்ரலுக்குத் தள்ளு. கிளட்சிலிருந்து காலை எடு. ஆக்ஸிலேட்டரில் ஒரு தட்டு தட்டி ரேஸ் கொடு. மறுபடி கிளட்சை மிதித்து முதல் கியரைப் போடு. காலை எடு. பழகிய ஆளுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு.

கற்றுக்கொண்ட முதல் இரண்டு மாதம் நான் இதில் ஒரு படியைத் தவறவிட்டபடியே ஓட்டினேன். கிளட்சை இரண்டு தடவை மிதிப்பேன், ரேஸும் கொடுப்பேன். ஆனால் ரேஸ் கொடுக்கும்போது இடது கால் கிளட்சின் மேலேயே அழுந்தியிருக்கும். என்ஜின் உறுமும். ராடைத் தள்ளினால் பல்லோடு பல் உரசி வண்டி முழுக்க அதிரும். பெரியப்பா ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. "காலை எடு கண்ணு. எடுத்தாத்தான உள்ளாற இருக்கறதுக்குத் தெரியும்" என்பார். உள்ளே இருப்பது எது, அதற்கு என்ன தெரிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

*

விளங்கியது பின்னாளில், நாமக்கல்லில் ஒரு பட்டறையில். இந்த ஜீப்பின் கியர் பாக்ஸைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பியிருந்தார்கள். கிளட்சிலிருந்து வரும் தண்டு ஒரு முனையில். அதோடு பல் கோத்துக் கீழே சுற்றுவது கவுன்டர் ஷாஃப்ட். மேலே, சக்கரங்களை நோக்கிப் போவது மெயின் ஷாஃப்ட். முதல் கியரின் பல்சக்கரம் மெயின் ஷாஃப்டின் மேல் நகர்ந்து வந்து, கீழே சுற்றும் பற்களுக்கு இடையில் இறங்க வேண்டும். மேலே இருப்பதைச் சுழற்றுவது சாலை. கீழே இருப்பதைச் சுழற்றுவது என்ஜின், அதுவும் கிளட்ச் சேர்ந்திருக்கும் வரைதான்.

சாக்கின் முன் குந்தியிருந்தபோது பெரியப்பாவின் சொல் அப்படியே காதில் விழுந்தது. கால் அழுந்தியிருந்தால் என்ஜின் தனி, கியர் பாக்ஸ் தனி. நான் கொடுத்த ரேஸ் எல்லாம் என்ஜினோடு நின்றுவிட்டது. கவுன்டர் ஷாஃப்டுக்கு ஒரு சேதியும் போகவில்லை. நியூட்ரலில் காலை எடுத்த பிறகுதான் என்ஜினும் அதுவும் ஒன்றாகச் சுற்றும். சக்கரத்தோடு மட்டும் பிடிப்பில்லை. வண்டி தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும்.

இந்த நிலையை நான் வருடக்கணக்காக மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறேன். பார்ப்பவருக்கு அது வீண் வேலை. எதையும் இழுக்காத என்ஜினுக்கு எதற்கு எரிபொருள், மிதித்த கிளட்சை எதற்கு விட்டு மறுபடி மிதிப்பது? ஆனால் சேரப்போகும் இரண்டில் ஒன்று மற்றதன் வேகத்துக்கு வருவது அந்த இடைவெளியில் மட்டும்தான். அதற்கு முன்னும் முடியாது, பின்னும் முடியாது.

*

கணக்காகவும் போட்டுப் பார்த்தேன். இந்தக் கியர் பாக்ஸில் முதல் கியரின் விகிதம் ஏறக்குறைய 2.8, இரண்டாவது 1.55. இரண்டாவதில் என்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று சுற்றிக்கொண்டிருந்தால், அதே வேகத்தில் முதல் கியருக்கு 1,800 வேண்டும். அந்த 800 சுற்றைத்தான் வலது கால் ஒரு தட்டில் கொடுக்கிறது. இந்த ஜீப்பில் சுற்றைக் காட்டும் முள் கிடையாது. காதுதான் முள்.

எங்கள் ஊரில் ஓடும் பஸ்ஸில் ஏறுகிற கண்டக்டரைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்ததுண்டு. விசில் கொடுத்துவிட்டு பஸ்ஸோடு கூடவே நாலு எட்டு ஓடுவார். ஓட்டம் பஸ்ஸின் ஓட்டத்தோடு ஒத்துப்போனதும் படியில் கால் வைப்பார். உடம்பு குலுங்காது, தோள்பையில் சில்லறை சத்தம் போடாது. பக்கத்தில் ஓடிய அந்த நாலு எட்டுதான் நியூட்ரலில் கொடுக்கும் ரேஸ்.

*

ஒன்பதாவது வளைவு தாண்டியதும் வெளிச்சம் வந்தது. மேலிருந்து வாழைத்தார் ஏற்றிய வேன் ஒன்று. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். வேன்காரர் ஒதுங்கி நின்று கை காட்டினார். அவர் நின்றதைப் பார்த்த அவசரத்தில் நான் ரேஸைக் குறைத்துக் கொடுத்துவிட்டேன். கர்ர்ர். உள்ளங்கை வரைக்கும் ஏறிய அதிர்வு.

பெரியம்மா கண் திறந்தார். "பல்லு பட்டுருச்சா?"

"ஆமாங்க பெரீம்மா."

"மெதுவாப் போ கண்ணு. சாமி எங்கயும் போயிராது."

கண்ணை மூடிக்கொண்டார். முப்பது வருடம் இந்த இடது சீட்டில் உட்கார்ந்து வந்தவர். ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. இந்தக் கியர் பாக்ஸின் சத்தம் என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

*

பட்டறையில் அன்று மெக்கானிக் பாய் ஒரு பித்தளை வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம். உள்பக்கம் கூம்பாகச் சரிந்திருந்தது, மெல்லிய வரிகளோடு. பற்கள் கோப்பதற்கு முன்னால் இந்த வளையம் எதிரே இருக்கும் கூம்பின் மேல் அழுந்தும். அந்த உரசலிலேயே இரண்டு வேகமும் ஒன்றாகிவிடும். எர்ல் தாம்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ், 1928இல் கேடிலாக் கார்களில் முதன்முதலாக வந்தது. நான் காதாலும் காலாலும் செய்வதை அந்த அமைப்பு ஓசையில்லாமல் செய்துவிட்டது. எத்தனையோ பேரை ஸ்டியரிங் முன் துணிந்து உட்காரவைத்தது அதுதான். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

என் கையில் இருந்த வளையத்தில் வரிகள் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தன்னைக் கொஞ்சம் கொடுத்துத்தான் அது சமாதானம் செய்திருக்கிறது. அன்றிலிருந்து சிங்க்ரோ உள்ள இரண்டாவதுக்கு இறங்கும்போதும் டபுள் கிளட்ச்தான் போடுகிறேன். தேவையில்லை என்று பாயே சொன்னார். வளையத்துக்கு வேலை குறைகிறது என்பது எனக்குப் போதும்.

*

நியூட்ரலில் இருக்கும் அந்த ஒரு நொடி எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. இதைப் பெரியப்பா சொல்லித் தரவில்லை. மலை சொல்லித் தந்தது.

சமவெளியில் நொடி நீளமானது. வண்டியின் வேகம் சட்டென்று மாறாது, நிதானமாகக் கேட்டுப் போடலாம். மேல்நோக்கிய கியருக்கு ரேஸே வேண்டாம். சுற்று தானாகத் தணியக் காத்திருந்தால் போதும்.

ஏற்றத்தில் நொடி சுருங்கிவிடுகிறது. நியூட்ரலுக்கு வந்ததுமே வண்டி வேகம் இழக்கிறது. 1,800 வேண்டியிருந்த இடத்தில் கண் இமைப்பதற்குள் 1,500 போதும் என்றாகிவிடும். இப்போது கேட்டதை வைத்து இப்போது கொடுத்தால் அதிகமாகிப்போகும். அடுத்த கணம் என்ன கேட்கும் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். இன்னும் காத்திருந்தால் வண்டி நின்று பின்னால் உருளும்.

இறக்கத்தில்தான் பயம். நியூட்ரலில் வண்டி வேகம் பிடிக்கிறது, தேவையான சுற்றும் கூடிக்கொண்டே போகிறது. துரத்தத் துரத்த விலகி ஓடும். ஒரு முறை தவறினால் இரண்டாவது முயற்சி முதலாவதைவிடக் கடினம், மூன்றாவது அதைவிட. அதற்குள் கியரின் பிடிப்பே இல்லாமல் வண்டி பிரேக்கை மட்டும் நம்பி ஓடும். பிரேக் சூடேறினால் அதன் பிடியும் தளரும். "எந்தக் கியர்ல ஏறுனியோ அந்தக் கியர்லயே எறங்கு" என்று பழைய டிரைவர்கள் சொன்னது இதற்காகத்தான். இறக்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே கியரைப் போட்டு முடித்துவிட வேண்டும்.

*

நாற்பதுக்கு மேல் குளிர் தெரிகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. நாற்பத்தேழில் ஒரு பஸ் மேலே போவதற்காக ஒதுங்கினேன். அதன் டிரைவர் வளைவுக்குள் கியரைக் குறைத்த சத்தம் கிணற்றுக்குள் பேசியது போலக் கேட்டது.

அறுபதைத் தாண்டிய பிறகு ஒரு செங்குத்து வளைவு. இரண்டாவதில் என்ஜின் முக்கத் தொடங்கியது. கிளட்ச், நியூட்ரல். காலை எடுத்தேன். டயருக்கு அடியில் சரளை நொறுங்குவது தெளிவாகக் கேட்டது. ஒரு தட்டு. மறுபடி கிளட்ச். ஆட்டுக்கல் குழியில் குழவி அமர்வது போல ராடு போய் உட்கார்ந்தது. வண்டி இழுத்தது.

பெரியப்பா இதற்கு ஒரு அளவு வைத்திருந்தார்: பக்கத்தில் தூங்குகிறவர் விழிக்கக் கூடாது.

இடது பக்கம் பார்த்தேன். பூக்கூடை மடியில் அசையாமல் இருந்தது. பெரியம்மாவின் தலை கம்பியில் சாய்ந்தபடி, வாய் லேசாகத் திறந்து, தூக்கத்தில்.