சோம்பலா, பயமா?

"நாளைக்குப் பார்த்துக்கலாம் அண்ணா." சுங்கை லாலாங்கில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு வரும் எஸ்.பி.எம். மாணவர்களிடம் பாடத்தைப் பற்றிக் கேட்டால் எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான். பள்ளியில் அதையே "நந்தி லா" என்பார்கள். (நம்ம நந்தியாவது சிவன் முன்னால் காத்திருக்கிறார்!)

பெரியவர்கள் உடனே "சோம்பேறிப் பிள்ளைங்க" என்று முடித்துவிடுகிறார்கள். நான் ஏற்கமாட்டேன். அதே பையன் சாயந்திரம் திடலில் இரண்டு மணி நேரம் ஓடுகிறான். தைப்பூசம் வந்தால் காவடி அலங்கரிக்க இரவெல்லாம் விழிக்கிறான். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் மட்டும், "எனக்கு இது வராதோ" என்ற பயம் வருகிறது. மூடினால் பயம் போகிறது. அந்த நிம்மதிக்குத்தான் கை போனைத் தேடுகிறது.

1997-இல் டைஸ், பௌமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கவனித்தார்கள். வேலையைத் தள்ளிப்போட்டவர்கள் தவணைத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். கடைசியில் மன அழுத்தமும் நோயும் அவர்களுக்கே அதிகம், புள்ளிகளும் குறைவு. நிம்மதி கடனாக வந்திருக்கிறது, வட்டியோடு.

அர்ஜுனனும் சோம்பலால் வில்லைக் கீழே வைக்கவில்லை. விளைவை நினைத்துத்தான் கை நடுங்கியது. ஆனால் அதே கீதை, 18-ஆம் அத்தியாயத்தில், காலம் கடத்துகிறவனைத் தாமச குணத்தார் வரிசையில் வைக்கிறது. அதனால் பயம் ஒரு காரணம்தான், சாக்கு ஆகிவிடாது.

தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிக்கு இந்தக் குழப்பம் குறைவு. விடியுமுன்னே பெரட்டு. வெயில் ஏறினால் பால் குறையும், அன்றைய சம்பளமும் குறையும். மழையில் பட்டை நனைந்தால் வெட்டு கிடையாது. அந்தத் தாமதம் சரியான தாமதம். வள்ளுவரும் 'வினைசெயல்வகை' அதிகாரத்தில், பொறுத்துச் செய்ய வேண்டியதைப் பொறுத்தே செய்யச் சொல்கிறார். உடனே செய்ய வேண்டியதில்தான் தூங்கக்கூடாது என்கிறார். படிப்புக்கு அப்படி அன்றாடச் சம்பளம் இல்லை. படிவம் 4-இல் ஒரு பாடத்தை விட்டால் இன்றைக்கு எதுவும் குறையாது, அடுத்த வருஷம்தான் தெரியும். ஆகவே இது மழை நாளா, பயந்த நாளா என்று நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது வகுப்பில் பஜனை முடிந்ததும் பத்து நிமிஷம் ஒதுக்குகிறோம். அந்த வாரம் பயந்து மூடிய பக்கத்தை ஒவ்வொருவரும் திறக்க வேண்டும், முடிக்க வேண்டாம். போன வாரம் ஒரு தங்கை இருபடிச் சமன்பாட்டைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவனுக்கும் அது தெரியாதாம். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, பென்சிலை எடுத்தார்கள்.