விரியும் வெளியும் விரியா அம்பலமும்

சைவாசிரிய அன்பர்காள்!

விஞ்ஞான பாடத்தையும் சமய பாடத்தையும் ஒரே மாணாக்கர் ஒரே நாளிற் கற்கின்றனர். முதற் பாடத்திலே, காற்றில்லா வெற்றிடத்தில் ஒலி செல்லாது என்று கற்ற பிள்ளை, அடுத்த பாடத்திலே, ஆகாயத்தின் குணம் சத்தம் என்று கேட்குமாயின், “ஐயா, இவ்விரண்டில் எது மெய்?” என்று வினாவுதல் இயல்பேயாம். பிரபஞ்சம் விரிகின்றது என்று கற்ற பிள்ளை, “அங்ஙனமாயின் எங்கும் நிறைந்த சிவபெருமானும் விரிகின்றாரோ?” என்றும் வினாவும். இவ்வினாக்களுக்கு நாம் இறுக்கும் விடையிலே பிள்ளைகளின் சமயப்பற்று மாத்திரமன்று, நமது வாய்மையும் தங்கியிருக்கின்றது. ஆதலின் வெளி என்னும் பொருளை விஞ்ஞானம், திருக்கூத்து, சொல் என்னும் மூன்றிடத்தும் வைத்துச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், விஞ்ஞானிகள் கூறுவதைப் பிழையறக் கொள்ளல் வேண்டும். தூரத்து விண்மீன் தொகுதிகள் பெரும்பாலனவற்றின் ஒளி சிவப்பு நிறத்தின் பக்கமாகப் பெயர்ந்திருத்தல் முன்னரே அளந்தறியப்பட்டது. பெல்ஜிய தேசத்துக் கத்தோலிக்க குருவாகிய ஜோர்ஜ் லெமேத்ர் என்பவர், வெளி விரிதலே அதற்குக் காரணமென்று 1927ஆம் ஆண்டிற் கணித்துக் காட்டினார். எட்வின் ஹபிள் என்பவர், கலிபோர்னியாவில் வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைகாட்டியின் துணைக்கொண்டு ஆராய்ந்து, தூரம் மிகுந்தோறும் விலகும் வேகமும் மிகும் என்பதை 1929இல் வெளியிட்டார். ஒவ்வொரு 32.6 இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்கும் அவ்வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் மிகும். அவ்விரிவு வரவர விரைவுறுகின்றது என்பது 1998இல் அறியப்பட்டது.

இதனை வகுப்பிற் காட்டுதல் எளிது. ஓர் இறப்பர் நாடாவிலே சமதூரமாகச் சிறு கடதாசித் துண்டுகளை ஒட்டி, அதனை மெல்ல இழுக்க. எத்துண்டிலிருந்து நோக்கினும் ஏனையவை விலகும். தூரத்தன மிக விரைவாய் விலகும். நடுவென்று சொல்லத்தக்க துண்டு யாதுமில்லை. துண்டுகளோ பெருப்பதில்லை. அவ்வாறே, ஈர்ப்பினாலும் பிற விசைகளினாலும் கட்டுண்ட நமது உடம்பும் பூமியும் சூரிய குடும்பமும் இவ்விரிவினாற் பெருப்பதில்லை. ஈர்ப்பின் மிகுதியால் அந்திரமீதாத் தொகுதி நம்மை நோக்கியே வருகின்றது.

இதனைக் கேட்ட அளவில், “இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே கூறியவை” என்று முழங்குவார் சிலர். அது நம் சமயத்துக்கு ஆக்கமன்று. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் நிகழ்த்திய ஓர் உரையிலே, பிரபஞ்சத் தோற்றம்பற்றிய புதுக்கொள்கை தமது வேதம் கூறும் படைப்புக்குச் சான்றாகும் என்னுங் கருத்துப்படப் பேசினார். அக்கொள்கையை வகுத்த லெமேத்ர் அதனை விரும்பிற்றிலர். தமது கொள்கை சமய விசாரத்துக்குப் புறம்பானது என்பதே அவர் துணிபு. குருத்துவத்தையும் கணிதத்தையும் ஒருங்கே போற்றிய அவர், ஒன்றை மற்றொன்றுக்கு முட்டுக்கோலாக்க உடன்பட்டிலர். அவர் சமயம் நமதன்றாயினும், அவ்வொழுக்கம் நாமும் கொள்ளத்தக்கது. விஞ்ஞானக் கொள்கை நாளை திருந்தலாம். அதன்மேற் சமயத்தைக் கட்டினால், அது திருந்தும்போது சமயமும் பொய்யாயிற்றென்று பிள்ளை எண்ணும்.

இனி நமது சாத்திரத்தை நோக்குவாம். சைவசித்தாந்தம் கூறும் முப்பத்தாறு தத்துவங்களுள் ஐம்பூதங்கள் கீழெல்லையில் உள்ளன. அவற்றுள் ஒன்றாகிய ஆகாயம் சத்த தன்மாத்திரையிற் றோன்றி மாயையில் ஒடுங்கும் சடப்பொருள். பிறவற்றுக்கு இடங்கொடுத்தல் அதன் தொழில். செவி முதலிய புலன்களை அடியாகக் கொண்ட பாகுபாடு இது. கருவிகொண்டு வெற்றிடத்தை அளக்கும் விஞ்ஞானியின் பாகுபாடு வேறு. அன்றியும், வாயுவுக்குப் பரிசத்தோடு சத்தமும் உண்டென்றே சாத்திரங் கூறும். ஆதலின் ஒலி காற்றிற் செல்லுதல் நமக்கு முரணன்று. அதுபற்றி, வெற்றிடப் பரிசோதனையை நம் முன்னோர் செய்தனர் என்று கூறுதலும் முறையன்று. “இருவரும் ஒரு சொல்லால் இருபொருளைக் குறித்தனர்” என்பதே நேர்மையான விடை.

சிவபெருமான் விரிகின்றாரோ என்னும் வினாவுக்கும் விடை இங்கே உண்டு. விரிதலாவது பொருள்களின் இடைத்தூரம் வளர்தல். இடைத்தூரம் உறுப்பும் அளவுமுடைய பொருள்களுக்கே உண்டு. உறுப்பின்றி நிறைந்த அறிவுப்பொருளுக்கு இங்கென்றும் அங்கென்றும் இல்லை. ஆகவே விரிதலும் சுருங்குதலும் இல்லை. விரிவது பாசக்கூட்டத்ததாகிய வெளியே என்க.

தில்லையிலே பஞ்சபூதத் தலங்களுள் ஆகாயத் தலத்தை வழிபடுகின்றோம். ஆங்கே இரகசியத் திரை நீங்கும்போது திருவுருவம் யாதுங் காணப்படாது. பொன் வில்வமாலைகளே தொங்கும். பூதவெளியைக் காட்டி, அதற்கப்பாலுள்ள சிதம்பரத்தை, அஃதாவது அறிவுவெளியை உணர்த்துங் குறிப்பு அது. அருகே கூத்தப்பிரான், துடியாற் படைத்து, அமைத்த கரத்தாற் காத்து, தீயால் அழித்து, ஊன்றிய தாளால் மறைத்து, எடுத்த திருவடியால் அருள்கின்றார் என்பது உண்மை விளக்கம் முதலிய நூல்களின் கருத்து. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918இல் வெளியிட்ட சிவநடனம் என்னும் ஆங்கில நூல் இக்கூத்தின் பொருளை மேனாட்டாருக்கு விளக்கிற்று. 2004இல் இந்தியா அளித்த நடராச வடிவம் ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையத்தில் நிறுவப்பட்டது. இது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும், விஞ்ஞானம் சைவத்தை நிறுவிவிட்டது என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டற்க. உவமை வேறு, நிரூபணம் வேறு.

மூன்றாவது, சொல். வெளி இவ்வாறே விரைந்து விரியுமாயின், ஓரெல்லைக்கப்பால் உள்ள தொகுதிகளிலிருந்து இன்று புறப்படும் ஒளி எக்காலத்தும் நம்மை வந்தடையாது என்பர். விரியும் வெளி இங்ஙனம் பிரிக்க, அம்பலமோ கூட்டுகின்றது. ஆடுவோனும் காண்போரும் ஓரிடத்துக் கூடுதலே அம்பலத்தின் பயன்.

நமது வகுப்பறை இவ்விரண்டனுள் எது? ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையே நான்கு முழ வெளியே உண்டு. வினாவிய பிள்ளையை நகைத்தால் அது எண்முழமாகும். பிரம்பை எடுத்தால் நம் சொல் சென்றெட்டாத தூரமாகும். வாய் மூடிய பிள்ளை ஐயத்தை விட்டுவிடுவதில்லை. நம்மைவிட்டு அகன்று பிறிதோரிடத்தில் அதனை வினாவும். வினாவுக்கு இடங்கொடுத்து, தெரிந்ததை மெய்யாகச் சொல்லி, எஞ்சியதை உடனிருந்து தேடும் ஆசிரியரது வகுப்பு அம்பலமாகும்.

இடங்கொடுத்தல் சடமாகிய ஆகாயத்துக்கே இயல்பாயின், அறிவுடைய நமக்கு அது அரிதாகலாமா? நாளைக்கு அப்பிள்ளை கையுயர்த்தும்போது இதனை நினைமின்.

திருச்சிற்றம்பலம்.